தேன்கூட்டுத் தாளும் அளவான பெட்டியும்: கொலு பொம்மை அனுப்பும் ஒரு கடையின் மதிப்பீடு

சுடுமண் பொம்மைகளை விற்கும் கடையில் பேக்கிங் குப்பை இரண்டு பக்கமும் சேரும். மதுரையை அடுத்த விளாச்சேரியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பொம்மைகள் வந்து இறங்கும்போது கடைக்குள் ஒரு குவியல் சேருகிறது. அதே பொம்மைகள் கூரியரில் வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போகும்போது அங்கே இன்னொரு குவியல் சேருகிறது. நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் எங்களைப் போன்ற சிறிய கடைகூட எவ்வளவு தெர்மாகோலையும் பபிள் ஷீட்டையும் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது என்பதை இன்று நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது. அந்த இரண்டையும் நிறுத்திவிட்டு, இழுத்தால் தேன்கூடுபோல விரியும் தேன்கூட்டுத் தாள், தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப், பொம்மையின் அளவுக்குச் செய்வித்த அட்டைப்பெட்டி ஆகிய மூன்றுக்கும் மாறிச் சில பருவங்கள் கடந்துவிட்டன. எந்தப் பொருள் சொன்னபடி உழைத்தது, எது உழைக்கவில்லை என்பதை, உடையும் பொருட்களை அனுப்பும் மற்ற வணிகர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேன்கூட்டுத் தாள் நல்ல பொருள், ஆனால் எங்கள் குப்பையைப் பெருமளவு குறைத்தது பெட்டியின் அளவு. பெட்டியை மாற்றாமல் தாளை மட்டும் வாங்குபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

தெர்மாகோலைக் கைவிட்டதற்குச் சட்டம் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த மத்திய அரசின் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மாகோல் இருக்கிறது. பொருட்களைப் பொதிக்கும் தெர்மாகோல் இல்லை. எனவே எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் வாடிக்கையாளர்கள்தாம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: இந்த வெள்ளைத் துண்டுகளை யாரிடம் போடுவது? அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. தெர்மாகோலில் மிகப் பெரும்பகுதி காற்று. ஒரு மூட்டை தெர்மாகோலை எடை போட்டால் எதுவும் தேறாது என்பதால் பழைய பேப்பர் கடைக்காரர் அதைத் தொடுவதே இல்லை. உடைந்தால் மணி மணியாக உதிர்ந்து, பொம்மையின் வண்ணப் பூச்சிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். காற்றடித்தால் சாக்கடைக்குப் போகும். பபிள் ஷீட் பாலித்தீன்தான், மறுசுழற்சிக்கு ஏற்றதுதான்; ஆனால் டேப் ஒட்டிக் கிழிந்து வரும் துண்டுகளைத் தனியாகச் சேர்த்து எடுத்துப்போக எங்கள் வாடிக்கையாளர்கள் வாழும் தெருக்களில் ஆள் வருவதில்லை.

பெட்டியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பு மொத்த விலைக்குக் கிடைத்த இரண்டு அளவுப் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு, எந்தப் பொம்மையையும் அவற்றில் ஒன்றுக்குள் வைத்து, மிச்ச இடத்தை எதையாவது கொண்டு அடைத்து அனுப்பி வந்தோம். அந்த அடைப்புதான் குப்பை. பொம்மையின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் மட்டும் இடம் விட்டுப் பெட்டி செய்வித்தபோது, அடைப்புப் பொருளின் தேவையே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. எந்தப் பொருளைக் கொண்டு அடைப்பது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

பணக்கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. கூரியர் நிறுவனங்கள் எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்துக் கொள்ளளவு எடையைக் கணக்கிடுவது பரவலான வழக்கம். ஒப்பந்தத்தைப் பொறுத்து வகுக்கும் எண் மாறலாம். 45 × 35 × 30 செ.மீ. பெட்டியின் கொள்ளளவு எடை 9.45 கிலோ. அதே பொம்மை 35 × 25 × 22 செ.மீ. பெட்டிக்குள் அடங்கிவிட்டால் அது 3.85 கிலோ. உள்ளே இருக்கும் பொம்மையின் எடை மூன்றரைக் கிலோ என்றால், முதல் பெட்டியில் ஏறத்தாழ ஆறு கிலோ காற்றுக்கு வாடிக்கையாளரோ நாமோ பணம் கட்டுகிறோம். சுற்றுச்சூழல் அக்கறை வேறு, லாபம் வேறு என்று பேசும் வணிகர்களிடம் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

பெட்டி செய்பவர்களிடம் போகும்போது சில விவரங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அளவைச் சொல்லும்போது அது உள்ளளவா, வெளியளவா என்பதைச் சொல்லியாக வேண்டும். 5 பிளை, அதாவது ஐந்து அடுக்கு, அட்டையில் இந்த வித்தியாசம் பொம்மையின் மகுடத்தை நசுக்கப் போதுமானது. இலகுவான பொம்மைக்கு 3 பிளை போதும். செட்டாக அனுப்பும் தசாவதாரம் போன்றவற்றுக்கு 5 பிளை வேண்டும். எல்லாவற்றுக்கும் 7 பிளை கேட்பது பயத்தினால் வரும் வீண் செலவு. குறைந்தபட்ச ஆர்டர் என்று சில நூறு பெட்டிகளைக் கேட்பார்கள். பக்கத்துக் கடையோடு சேர்ந்து ஒரே அளவை ஆர்டர் கொடுத்து நாங்கள் அதைச் சமாளித்தோம். எங்களுக்கு மிகவும் கைகொடுத்த யோசனை ஒன்று உண்டு. பெட்டியின் நான்கு பக்கச் சுவர்களிலும் இரண்டு அங்குல இடைவெளியில் கூடுதல் மடிப்புக் கோடுகளைப் போட்டுத் தரும்படி கேட்டோம். பொம்மை குட்டையாக இருந்தால் நான்கு மூலைகளையும் அந்தக் கோடு வரை கத்தியால் கீறி, சுவரை உள்ளே மடித்துவிட்டால் பெட்டியின் உயரம் குறைந்துவிடுகிறது. ஒரே பெட்டி மூன்று உயரங்களுக்குப் பயன்படுகிறது. இதற்காக அவர்கள் வாங்கிய கூடுதல் தொகை அற்பமானது.

இனி தேன்கூட்டுத் தாள். பழுப்பு நிற கிராஃப்ட் தாளில் சின்னச் சின்னக் கீறல்களை வரிசை வரிசையாக வெட்டி, சுருளாகச் சுற்றித் தருகிறார்கள். நாங்கள் வாங்குவது 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள். சுருளில் இருக்கும்போது அது வெறும் காகிதம்தான். இழுத்தால் கீறல்கள் விரிந்து அறுகோணக் கண்களாகின்றன. கண்களின் விளிம்புகள் சற்றே மேலெழுந்து நிற்கின்றன. நீளம் கூடும்போது அகலம் சுருங்கும் என்பதை முதன்முறை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்: 50 செ.மீ. சுருளை வாங்கினால் விரித்த பிறகு 50 செ.மீ. அகலம் கிடைக்காது. பொம்மையைச் சுற்றும்போது ஒரு அடுக்கின் விளிம்புகள் அடுத்த அடுக்கின் கண்களில் மாட்டிக்கொள்வதால், பெரும்பாலும் டேப்பே தேவைப்படுவதில்லை. பெட்டியைத் திறப்பவர் கத்தரிக்கோலைத் தேட வேண்டியதில்லை. நுனியைப் பிடித்து இழுத்தால் சுற்று தானாகப் பிரிந்து வந்துவிடும், பிரித்த தாளைப் பழைய செய்தித்தாளோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடலாம்.

இழுக்கும் விசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. அரைகுறையாக இழுத்தால் கண்கள் திறக்காமல் தட்டைக் காகிதமாகவே இருக்கும். மிகையாக இழுத்தால் கீறல்கள் கிழிந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கடையில் பேக்கிங் செய்யும் பெண்கள் சில நாட்களில் கைப்பழக்கத்தில் பிடித்துவிட்டார்கள். சுருளை ஒரு கம்பியில் மாட்டி, கம்பி எளிதாகச் சுழலாதபடி இறுக்கி வைத்தால் இழுக்கும்போதே தாள் சீராக விரிகிறது. அதற்கென்று விற்கும் தாங்கியை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

மண் பொம்மையில் முதலில் போவது மூக்கு, விரல்நுனி, கிருஷ்ணரின் புல்லாங்குழல், சரஸ்வதியின் வீணைக் கழுத்து. இவற்றை அப்படியே தாளால் சுற்றினால், சுற்றும் இறுக்கமே அவற்றை உடைத்துவிடும். புல்லாங்குழலுக்கும் மார்புக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில் ஒரு துண்டுத் தாளை உருட்டித் திணித்த பிறகே வெளிச்சுற்றைத் தொடங்க வேண்டும். இன்னொரு குறை: கிராஃப்ட் தாளின் வெட்டு விளிம்புகள் சொரசொரப்பானவை. பயணத்தின் அதிர்வில் அவை பொன் வண்ணப் பூச்சை உரசி மங்கலாக்கிய சில பொம்மைகள் எங்களிடம் திரும்பி வந்தன. இப்போது முதல் சுற்றாக மெல்லிய டிஷ்யூ தாளைச் சுற்றுகிறோம். தாள் விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. வண்ணம் பூசிய கைவினைப் பொருட்களை அனுப்புபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொதிந்த பெட்டியை நம்பலாமா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அதைக் கீழே போட்டுப் பார்ப்பதுதான். பொருட்களின் பாதுகாப்பான போக்குவரத்துக்கான பன்னாட்டுச் சங்கமான ஐஎஸ்டிஏ வகுத்த 1ஏ சோதனையில், 10 கிலோவுக்குக் குறைவான பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும்: ஒரு மூலையில் ஒருமுறை, அந்த மூலையில் கூடும் மூன்று ஓரங்களில் ஒவ்வொரு முறை, பிறகு ஆறு முகங்களிலும் ஒவ்வொரு முறை. ஆய்வகத்தில் செய்யும் மற்ற அளவீடுகளும் அதிர்வுச் சோதனையும் அதில் உண்டு என்றாலும், மேசை உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கும் இந்தப் பகுதியை எந்தக் கடையிலும் செய்யலாம். சுடும்போது விரிசல் விட்டு விற்பனைக்கு ஆகாமல் ஒதுக்கிய பொம்மைகளை வைத்து நாங்கள் செய்தோம். ஒரு கிலோவுக்குட்பட்ட பொம்மைகள் மூன்று சுற்றுத் தேன்கூட்டுத் தாளுக்குள் பத்து வீழ்ச்சிகளையும் தாங்கின. கனமான பிள்ளையார் பொம்மை தாங்கவில்லை. பிரித்துப் பார்த்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது: அடிப்பக்கத்து அறுகோணக் கண்கள் எல்லாம் நசுங்கித் தட்டையாகியிருந்தன. பபிள் ஷீட்டில் குமிழ் வெடிக்காதவரை அது மறுபடி உப்பி எழும். காகிதம் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், அதே பக்கம் விழும் இரண்டாவது அடியை வாங்க அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே கனமான பொம்மைகளுக்கு அடியிலும் மூலைகளிலும் நெளிவு அட்டையை மடித்துச் செய்த மெத்தைகளை வைக்கிறோம். பழைய பெட்டிகளை வெட்டியே அவற்றைச் செய்துவிடலாம்.

பழைய பெட்டி என்றதும் அட்டையை வலைபோலக் கீறித் தரும் இயந்திரத்தையும் குறிப்பிட வேண்டும். வந்த பெட்டிகளை அதில் செலுத்தினால் நல்ல அடைப்புப் பொருள் கிடைக்கிறது. தினமும் நிறையப் பெட்டிகள் வந்து இறங்கும் மொத்த வியாபாரிக்கு அது போட்ட பணத்தை எடுத்துத் தரும். எங்கள் அளவுக்கு அதன் விலையும், அது கிளப்பும் தூசும் ஒத்துவரவில்லை.

வைக்கோலைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கொலு பொம்மைகள் கூடைகளில் வைக்கோல் வைத்து ஊர் ஊராகப் போன காலத்தில் குப்பை என்று எதுவும் மிஞ்சவில்லை. பிரித்த வைக்கோலை மாடு தின்றது. உள்ளூர் விற்பனைக்கு இன்றும் அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் நவராத்திரி மழைக்காலத்தின் வாசலில் வருகிறது; ஈரம் பட்ட வைக்கோல் பூஞ்சை பிடித்து வண்ணத்தைக் கெடுக்கிறது, பூச்சியும் சேருகிறது. வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் நினைக்கவே கூடாது. ஆஸ்திரேலியா வைக்கோலைப் பேக்கிங் பொருளாக ஏற்பதில்லை. தாவரத் தொற்றுத் தடுப்பு விதிகளில் பார்சலே சிக்கிக்கொள்ளும். மரச்சட்டப் பெட்டிகளுக்கும் இதே கவனம் தேவை: ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதிப்படி, மரத்தின் உட்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடங்களாவது இருந்தது போன்ற ஏற்கப்பட்ட பதப்படுத்தலும், அதற்கான முத்திரையும் இருந்தாக வேண்டும்.

காகித டேப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வாங்கலாம். பின்புறத்தில் மாவுப் பசை பூசிய தாள் அது. ஈரப் பஞ்சின் மேல் இழுத்து ஒட்டினால் அட்டையின் இழைகளோடு ஒன்றிப்போய்விடும். பிளாஸ்டிக் டேப்பை இரண்டு மூன்று முறை சுற்றிய இடத்தில் இது ஒரே பட்டை போதும். யாராவது வழியில் பெட்டியைத் திறந்திருந்தால் அட்டை உரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பெட்டியைக் கூழாக்கும் ஆலையில் பிளாஸ்டிக் டேப்பைப்போலப் பிரித்தெடுக்க வேண்டியதும் இல்லை. நடுவில் கண்ணாடி இழை ஓடும் உறுதியான வகையும் விற்கிறார்கள். எங்கள் எடைக்குச் சாதாரண வகையே போதும். ஐப்பசி மழையில் சுருளைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றிலேயே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும்.

நான் வாங்க வேண்டாம் என்று சொல்லும் பொருள் ஒன்றே ஒன்றுதான்: ‘மக்கும்’ என்று அச்சிட்டு விற்கும் கூரியர் கவர்கள். சிறிய விளக்குகளுக்கும் அகல்களுக்கும் அவற்றை வாங்கிப் பார்த்தோம். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும்; எங்களுக்கு விற்றவரிடம் அதைக் கேட்டபோது, பதில் வரவே இல்லை. சான்றிதழ் பெற்ற உண்மையான பொருளாகவே இருந்தாலும், அவற்றில் பல வகைகள் ஏறத்தாழ 58 டிகிரி வெப்பத்தில் இயங்கும் உரக்கூடங்களில் மக்குவதற்காகச் செய்யப்பட்டவை. வாடிக்கையாளரின் மாடித் தோட்டத்துத் தொட்டியில் அந்த வெப்பம் வராது. சாதாரணப் பாலித்தீனோடு கலந்து மறுசுழற்சிக்குப் போனால் அந்தக் கொத்தையும் கெடுக்கும். தடித்த காகித உறையும் உள்ளே ஒரு துண்டு நெளிவு அட்டையும் இந்த வேலையைக் குறையின்றிச் செய்கின்றன.

இதுவரை சொன்னது கடையிலிருந்து வெளியே போகும் சரக்கு. உள்ளே வரும் சரக்கில் சேரும் குப்பையைக் குறைப்பது இதைவிட எளிது என்பதை நாங்கள் பிந்தித்தான் கவனித்தோம். விளாச்சேரியில் பொம்மை செய்பவர்களுக்கும் எங்களுக்கும் இடையே ஓடுவது ஒரே வண்டி. போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றே. அப்படியிருக்க, ஒவ்வொரு முறையும் புதுப் பெட்டி எதற்கு? பால் வண்டியில் பாக்கெட்டுகளை இறக்கிவிட்டுக் காலி டப்புகளை ஏற்றிக்கொண்டு போவதுபோல, காய்கறி கிரேட்டுகளை வாங்கி, உள்ளே பழைய பருத்திப் புடவைத் துண்டுகளை விரித்து, சரக்கோடு வரும் கிரேட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிறோம். ஒவ்வொரு கிரேட்டிலும் யாருடையது என்று பெயின்டில் எழுதியிருப்பதால் தொலைவது அரிது. கிரேட்டுக்கு முன்பணம் என்று ஒரு சிறு தொகையை வைத்துக்கொண்டதும் உதவியது. பெட்டி, டேப், தெர்மாகோல் மூன்றுமே இந்த வழியில் அறவே இல்லாமல் போயின. ஒரே வட்டாரத்துக்குள் சரக்கு வாங்கும் எந்த வணிகரும், எந்தத் தாளையும் வாங்கும் முன் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செலவைக் கேட்பவர்களுக்கு: மீட்டர் கணக்கில் பார்த்தால் தேன்கூட்டுத் தாள் எங்களுக்குப் பபிள் ஷீட்டைவிட விலை கூடுதலாகவே விழுகிறது. விரிக்காத சுருள் மிகச் சிறிய இடத்தையே பிடிப்பதால், பபிள் ஷீட் சுருள்கள் அடைத்துக்கொண்டிருந்த மூலையில் இப்போது பொம்மைகளை அடுக்குகிறோம். கூரியரில் மிச்சமாகும் தொகை, தாளுக்குக் கூடுதலாகப் போகும் தொகையை ஈடுகட்டி மேலும் நிற்கிறது. பெட்டியின் அளவை மாற்றாமல் தாளை மட்டும் மாற்றியிருந்தால் நஷ்டம்தான்.

பெரிய நிறுவனங்களுக்கு நிலைமை வேறு. உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பிராண்ட் உரிமையாளர் ஆகியோர் தாங்கள் சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக் பேக்கிங்குக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. கெட்டியான பிளாஸ்டிக் பேக்கிங்கில் 2024-25ஆம் ஆண்டுக்கு 50 சதவீதம் என்று தொடங்கும் மறுசுழற்சி இலக்கு, 2027-28இல் 80 சதவீதம் ஆகிறது. குறு, சிறு நிறுவனங்களாக இருக்கும் பிராண்ட் உரிமையாளர்களுக்கு இதில் விலக்கு உண்டு. விலக்கு இருப்பதாலேயே சிறு வணிகர்களின் குப்பையை யாரும் கணக்கெடுப்பதில்லை. அமேசான் இந்தியா 2020இல் தன் கிடங்குகளிலிருந்து ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பேக்கிங்கை நீக்கியதாக அறிவித்தபோது செய்தியானது, அதே தளத்தில் விற்றுத் தாமே பொதிந்து அனுப்பும் சிறு விற்பனையாளர்களின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர் இல்லை. அந்தப் பொறுப்பை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எடை குறைந்த, உடையும் பொருட்களை அனுப்புபவர்களுக்குத் தேன்கூட்டுத் தாளைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட மண் பொருட்களுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. அட்டை மெத்தையும் வேண்டும். கண்ணாடி விற்பவர்கள் தங்கள் பொருளை வைத்துப் பத்து வீழ்ச்சிச் சோதனையைச் செய்து பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். எங்களிடம் இன்னும் தீராமல் இருப்பது முகவரி ஸ்டிக்கர்களின் பின்தாள். சிலிக்கோன் பூசிய அந்த வழுக்குத் தாளைப் பழைய பேப்பர் கடையில் வாங்குவதில்லை. கூரியர் முகவரியைச் சாதாரணத் தாளில் அச்சிட்டு மாவுப் பசையால் ஒட்டிப் பார்த்ததில் அது பெட்டியில் நன்றாகவே நிற்கிறது. மழையில் எழுத்து கலையாமல் இருக்க லேசர் அச்சு வேண்டும். வரும் நவராத்திரிக்கு எல்லாப் பெட்டிகளிலும் அதையே பயன்படுத்தவிருக்கிறோம்.